நூலகத்துக்கு விடுமுறை என்று யாரிடம் சொன்னீர்கள்?

நூலகம் இன்று திறக்காது என்ற செய்தி நூலகத்தின் கதவில் இல்லை, முகநூலில் இருந்தது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிளை நூலகம். பெயர் வேண்டாம், இந்தக் குறை அந்த ஒரு நூலகத்தோடு நிற்கவில்லை. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பெண் ஒருத்தி பூட்டிய கிரில் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கிற ஏற்பாட்டோடு வந்திருக்கிறாள். எதிர்த்த டீக்கடைக்காரர்தான் சொன்னார்: “லைப்ரரி மேடம் இன்னிக்கு மீட்டிங் போயிருக்காங்கம்மா. ஃபேஸ்புக்ல போட்டிருக்காங்களே, பாக்கலையா?”

“எனக்கு ஃபேஸ்புக் இல்லண்ணா. வீட்ல வெச்சுக்க விடமாட்டாங்க.”

என் போனில் அந்தப் பக்கத்தைத் தேடித் திறந்தேன். முந்தின நாள் ராத்திரி போட்ட பதிவு. ரோஜாப்பூ பார்டர் வைத்த ஒரு படம், மேலே மஞ்சள் எழுத்தில் அறிவிப்பு, தேதி மட்டும் கீழே பொடி எழுத்தில். அதே பக்கத்தை அவள் போனில் திறந்தபோது, இரண்டு பதிவு நகர்வதற்குள் கணக்கைத் திற என்று குறுக்கே ஒரு கட்டம் வந்து நின்றுவிட்டது. அரசாங்க நூலகத்தின் விடுமுறை அறிவிப்பைப் படிக்க ஒரு அமெரிக்க நிறுவனத்தில் கணக்குத் திறக்கவேண்டும் என்றால் இது என்ன நியாயம்?

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் அவளுக்குக் காசு நஷ்டம் இல்லை என்று யாராவது சொல்லலாம். ஒரு நாள் போனதே, அதை யார் திருப்பித் தருவது? குடும்பமே கூலி வேலைக்குப் போகிற வீட்டில், ஒரு பெண் “லைப்ரரிக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதே பெரிய காரியம். இப்படிப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால், அடுத்த முறை கிளம்பும்போது “அங்க போய் என்னத்தப் படிச்சுக் கிழிச்ச?” என்று கேள்வி வரும். முந்தின நாளே ஒரு ஏ4 தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தால், படிக்க வந்தவர்கள் பார்த்திருப்பார்கள், ஒருவருக்கொருவர் சொல்லியிருப்பார்கள். கதவில் ஒரு போன் நம்பர் இருந்திருந்தால் அவளே கூப்பிட்டுக் கேட்டிருப்பாள்.

மறுநாள் நூலகர் மேடத்தைப் பார்த்து ஆற்றாமையோடு கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “நான் என்ன சார் பண்றது? ரெண்டு லைப்ரரிக்கு நான் ஒருத்தி. இது சொந்தப் பொறுப்பு, அது கூடுதல் பொறுப்பு. எது நடந்தாலும் போஸ்ட் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பணும். கதவுல ஒட்டினா அதுக்கு யார் சார் ஸ்கிரீன்ஷாட் கேக்கறாங்க?”

அந்த அம்மாவின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஊர்ப்புற நூலகர்கள் பலர் இன்னும் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருக்கிறார்கள். கூட்டுவதும் அவர்கள்தான், அடுக்குவதும் அவர்கள்தான், புத்தகம் கொடுத்து வாங்குவதும் அவர்கள்தான். இப்போது சொந்த போனில், சொந்தக் காசில் ரீசார்ஜ் செய்து, முகநூல் நடத்துவதும் அவர்கள் தலையில். அவர்கள் கையில் எந்தத் தளத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்தவர்கள் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஒரு புத்தகம் தமிழ்நாட்டுப் பொது நூலகத்துக்குள் நுழைய எத்தனை படி ஏறவேண்டியிருக்கிறது என்று பதிப்பகத்தாரைக் கேளுங்கள். மாதிரிப் பிரதி கொடுக்கவேண்டும். தேர்வுக் குழு பார்க்கவேண்டும். விலை முடிவாகவேண்டும். நூலக ஆணை வரவேண்டும். வந்து சேர்ந்த புத்தகத்துக்குப் பதிவேட்டில் எண் ஏற்றி, உள்ளே முத்திரை குத்தவேண்டும். தொலைந்தால் நூலகர் பதில் சொல்லவேண்டும். நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கே இத்தனை சோதனை. அதே நூலகம் தன் வாசகர்களோடு பேசுகிற வழி என்று ஒரு சமூக ஊடகத்தை எடுத்துக்கொள்ளும்போது மட்டும் எந்தக் குழுவும் உட்காருவதில்லை, எந்தக் கேள்வியும் எழுவதில்லை. “எல்லாரும் அதுலதான் இருக்காங்க” என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

சமூக ஊடகமே நூலகத்துக்கு வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். வாசகர் இருக்கிற இடத்துக்கு நூலகம் போகவேண்டும் என்பதை அந்தக் காலத்திலேயே செய்து காட்டியவர்கள் நம்மவர்கள். 1931இல் மன்னார்குடிப் பக்கம் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே 1931தான். அந்த ஐந்தில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. மாட்டுவண்டி நூலகத்தில் புத்தகம் எடுக்க வந்தவரிடம் யாரும் வேறு எந்த நிறுவனத்திலும் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டு வா என்று சொல்லவில்லை. வண்டி எந்த ஊருக்குப் போகவேண்டும் என்பதை வண்டியை அனுப்பியவர்கள் முடிவு செய்தார்கள். இன்றைக்கு நூலகர் போடுகிற பதிவு யார் கண்ணில் படவேண்டும் என்பதை கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு கம்பெனியின் கணினி முடிவு செய்கிறது.

இதில் நம் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கூடுதலாகக் கேட்க உரிமை இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அப்போது மாகாணத்தின் முதல்வர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓமந்தூரில் பிறந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். ரங்கநாதன் பல வருஷம் விடாமல் வலியுறுத்தி வந்த சட்டம் அது. அந்தச் சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருக்கிறது. சொத்து வரியோடு சேர்த்து, அதில் நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் உள்ளாட்சிகள் வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்கவேண்டும். திண்டிவனம் நேரு வீதியில் கடை வைத்திருப்பவரும் கட்டுகிறார், விக்கிரவாண்டியில் ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். முகநூலில் இருப்பவர் மட்டும் கட்டட்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை.

“எல்லாரும் அதுலதான் இருக்காங்க” என்கிறார்களே, அந்த “எல்லாரும்” என்பதற்குள் யார் யார் இல்லை என்று ஒரு காலை நேரம் நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். திறந்தவுடன் நாளிதழ் படிக்க வருகிற பெரியவர்கள் இல்லை. பென்ஷன் வாங்குகிற வாத்தியார்கள் சிலர் வாட்ஸாப் வைத்திருக்கிறார்கள், அதுவும் மகன் அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் வருவதற்காக. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் கவனம் சிதறக்கூடாது என்று தாங்களாகவே எல்லாச் செயலிகளையும் அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். படிப்பதற்காக ஊடகத்தை விட்டுவிட்டு வந்த பிள்ளையிடம், நூலகச் செய்தி வேண்டுமானால் திரும்ப அதற்குள் போ என்று நூலகமே சொல்லலாமா? பள்ளிச் சிறுவர்களுக்கு 13 வயது ஆகாமல் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் கணக்கே கிடையாது. பார்வையற்ற வாசகர்களையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அவர்களுடைய போன் எழுத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். ஆனால் ரோஜாப்பூ பார்டருக்குள் படமாக வரைந்து போட்ட அறிவிப்பை அது எங்கே ஒழுங்காகப் படிக்கப்போகிறது? நாலு வரியை எழுத்தாகவே தட்டிப் போட்டால் அவர்களுக்கும் தெரியும், நாளைக்குத் தேடினாலும் கிடைக்கும். இதற்குப் பைசா செலவில்லை.

முகநூல் பக்கத்தில் ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்றால் போட்ட பதிவு ஆயிரம் பேருக்கும் போவதில்லை. மிகக் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்த்து, அவர்கள் விருப்பம் தெரிவித்தால்தான் அடுத்தவர்களுக்குப் போகும். கூடுதல் பேருக்குப் போகவேண்டும் என்றால் பணம் கட்டச் சொல்லும். நான் பார்க்கிற நூலகப் பக்கங்களில் விருப்பக்குறி போடுகிறவர்கள் யார் என்று பெயரைத் தட்டிப் பாருங்கள். பக்கத்து ஊர் நூலகர், அதற்கடுத்த ஊர் நூலகர், ஓய்வுபெற்ற நூலகர். இவர் பதிவுக்கு அவர், அவர் பதிவுக்கு இவர். பாவம், அவர்களுக்குள் ஒரு ஆறுதல் அது. ஆனால் புதிதாக என்ன புத்தகம் வந்திருக்கிறது என்று அந்த ஊர் வாசகருக்குத் தெரியாது. பதிவில் இருப்பதும் பெரும்பாலும் சால்வை போர்த்துகிற படம், குத்துவிளக்கு ஏற்றுகிற படம். வந்திறங்கிய புத்தகங்களின் முதுகை ஒரு வரிசையாக வைத்து ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டால் அதைப் பார்த்துவிட்டு வாசகன் ஓடிவருவான். அதை ஏன் போடுவதில்லை என்று கேட்டால், அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை என்கிறார்கள்.

ட்விட்டர் என்கிற எக்ஸ் தளத்தின் கதை இன்னும் மோசம். 2022 அக்டோபரில் கை மாறியது, 2023 ஜூலையில் பெயரும் மாறியது. கணக்கு இல்லாதவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் இப்போது புதிய பதிவுகள் வரிசையாகத் தெரிவதில்லை. உரிமையாளர் மாறியதும் விதியும் மாறிவிடுகிற இடத்தில், ஒரு பொது நூலகம் தன் வாசகரை எந்த நம்பிக்கையில் கொண்டுபோய் நிறுத்தும்?

வாட்ஸாப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நம் பக்கம் உண்மையில் ஜனங்கள் இருப்பது அதில்தான். ஒரு நூலகத்தின் வாசகர் குழு ஆரம்பித்தபோது நானும் சேர்ந்தேன், சந்தோஷப்பட்டேன். ஆரம்பத்தில் புத்தகப் பேச்சு நடந்தது. அப்புறம் காலை வணக்கம் வந்தது, மாலை வணக்கம் வந்தது. செஞ்சி ரோட்டில் மனை விற்பனைக்கு என்று வந்தது. தேர்தல் நேரத்தில் கட்சிச் சண்டை வந்தது. யாரோ ஒருவர் திருட்டு பிடிஎஃப் ஒன்றைத் தூக்கிப் போட்டார், இன்னொருவர் நன்றி சொன்னார். நூலகத்தின் பெயரைத் தாங்கிய குழுவில், நூலகமே விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கும் புத்தகத்தின் கள்ளப் பிரதி! தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமையான நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. அந்த இணைப்பை ஒரு தடவைகூட யாரும் அனுப்பவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வாட்ஸாப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். சேர்ந்த ஒவ்வொருவர் நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். அட்மின் மட்டும்தான் செய்தி போடலாம் என்று அடைத்து வைத்தாலும் நம்பர் தெரியத்தான் செய்யும். எங்கள் குழுவில் இருந்த ஒரு கல்லூரி மாணவிக்கு “லைப்ரரி குரூப்ல உங்க நம்பர் பார்த்தேன்” என்று ஒருவன் ராத்திரியில் செய்தி அனுப்பியிருக்கிறான். அந்தப் பெண் குழுவை விட்டு விலகினாள். அப்புறம் நூலகத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டவர் யாருமில்லை. நூலகத்தின் உறுப்பினர் பதிவேட்டை ரோட்டில் விரித்து வைக்கச் சொன்னால் எந்த நூலகராவது சம்மதிப்பாரா? அதைத்தான் அந்தக் குழு செய்துகொண்டிருந்தது, ஒருவரும் அப்படி நினைத்துப் பார்க்காமலே.

இதற்கு வாட்ஸாப் சேனல் எவ்வளவோ மேல். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. பின்தொடர்கிற ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது, நூலகம் சொல்லும், வாசகர் கேட்பார், காலை வணக்கத்துக்கு இடமில்லை. ஆனால் பழைய செய்திகளை 30 நாள் வரைதான் எங்கள் சர்வரில் வைத்திருப்போம் என்று தொடங்கும்போதே அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. நாளை விடுமுறை என்று சொல்ல அது போதும். நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டங்களில் யார் எதைப் பற்றிப் பேசினார்கள் என்கிற ஊர் வரலாறு தங்கவேண்டிய இடம் அது இல்லை. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு, குழு வேண்டாம் சேனல் தொடங்குங்கள் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

குழந்தைகளின் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோடை முகாம், கதை சொல்லும் நிகழ்ச்சி என்றால் அன்று மாலையே இருபது படம் ஏறிவிடுகிறது. முகம் தெளிவாக, பள்ளிச் சீருடையோடு, சில சமயம் பெயரோடும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் குழந்தை. அவர்கள் சம்பந்தப்பட்ட தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. நான் பார்த்த நிகழ்ச்சி எதிலும் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. படிக்கிற அறையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் பெண்களைப் பின்னாலிருந்து படம் எடுத்து “போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவிகள்” என்று போடுவதும் இதே கதைதான். நூலகத்தில் யார் வந்து என்ன படிக்கிறார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் நடுவில் இருக்கவேண்டிய விஷயம். உலகத்தில் எந்த ஊர் நூலகரைக் கேட்டாலும் இதைத் தொழிலின் முதல் மரியாதையாகச் சொல்வார்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேட்கவேண்டும். நான் பார்த்தவரை நூலகரின் சொந்த நம்பரில், சொந்த மின்னஞ்சலில்தான் ஆரம்பிக்கிறார்கள். அவருக்கு மாறுதல் வந்து வேறு ஊருக்குப் போனால் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வந்தவர் இன்னொரு பக்கம் ஆரம்பிக்கிறார். ஒரே நூலகத்துக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம். பழைய பக்கத்தில் பழைய நேரமும் பழைய போன் நம்பரும் அப்படியே கிடக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் கூப்பிடுகிறார்கள், ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் மனிதர் போனை எடுத்து “நான் இப்ப அங்க இல்லீங்க” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கிறார். பீரோ சாவியைப் பொறுப்பு ஒப்படைக்கும்போது எழுதி வாங்குகிறோமே, பாஸ்வேர்டை ஏன் எழுதி வாங்குவதில்லை?

சரி, இதையெல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தளம் பத்து வருஷம் கழித்து இருக்குமா? ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30ஆம் தேதி மூடினார்கள். கூகுள் பிளஸ்ஸைப் பொதுமக்களுக்கு 2019 ஏப்ரல் 2ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் விழுந்து கிடந்த டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று ஒரே உத்தரவில் தடையானது. நம் நாட்டுத் தளம் என்று சொல்லி மத்திய அமைச்சகங்களே போய்ச் சேர்ந்த ‘கூ’ 2024 ஜூலையில் கடையைக் கட்டியது. உலகத்தின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்றான அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2010இல் ட்விட்டரின் பொதுப் பதிவுகள் எல்லாவற்றையும் சேகரிக்கப்போகிறோம் என்று அறிவித்தது. அத்தனை பணமும் ஆளும் இருந்தும் 2018 ஜனவரியிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை மட்டும்தான் சேர்ப்போம் என்று பின்வாங்கியது. ஒரு கிளை நூலகத்தின் பத்து வருஷ நிகழ்ச்சிகளை யார் காப்பாற்றித் தருவார்கள்? இன்றைக்கு வாசகர் வட்டத்தில் ஒரு பெரியவர் இந்த வட்டாரத்துத் தெருக்கூத்தைப் பற்றிப் பேசினார் என்றால் அதன் ஒரே பதிவு யாரோ ஒருவருடைய முகநூல் நேரலையில் இருக்கிறது. அது போனால் போனதுதான்.

தளம் நிலைத்தாலும் ஆபத்து நேரத்தில் போன் வேலை செய்யவேண்டுமே. ஃபெஞ்சல் புயலை இந்த மாவட்டம் மறந்திருக்காது. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை கரை மீறியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில் நின்றது. பல கிராமங்களில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, டவர் இல்லை. அப்போது ஜனங்களுக்குச் செய்தி ஆட்டோவில் மைக் கட்டித்தான் வந்தது. எந்த நூலகம் திறந்திருக்கிறது, எங்கே போய் அன்றைய பேப்பர் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. எல்லாச் செய்தியையும் ஒரே பானையில் போட்டு வைத்தால் பானை உடைகிற அன்று என்ன செய்வது என்று அதற்குப் பிறகாவது யோசித்திருக்கவேண்டாமா?

நன்றாகச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. நியூயார்க் பொது நூலகம் 2018இல் இன்ஸ்டாகிராமிலேயே முழு நாவலைப் படிக்கிற மாதிரி ஏற்பாடு செய்தது, ஆலிஸின் அற்புத உலகத்தில் ஆரம்பித்து. இன்ஸ்டாகிராமில் என்ன செய்தால் வாசிப்பு நடக்கும் என்று உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை அது. அவ்வளவு தூரம் போகவேண்டாம். யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதில் சுமார் 97,000 நூல்கள் போயின. அந்த இழப்பை நெஞ்சில் சுமந்த ஈழத்தமிழர்கள் 2005இல் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். அது சொந்த இணையத்தளத்தில் இருக்கிறது. எந்தக் கணக்கும் இல்லாமல் யாரும் திறந்து படிக்கலாம். சமூக ஊடகத்தில் அவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஆவணம் இருக்கும் இடம் அவர்களுடைய சொந்த இடம். ஆர்குட் போனது, கூகுள் பிளஸ் போனது, ‘நூலகம்’ அப்படியே இருக்கிறது. அரசாங்கப் பணமும் வரியும் இல்லாமல் தன்னார்வலர்களால் இதைச் செய்ய முடிந்திருக்கிறது. சட்டமும் வரியும் துறையும் உள்ள நம்மால் மாவட்டத்துக்கு ஒரு நல்ல இணையப் பக்கம் வைத்து, ஒவ்வொரு கிளை நூலகத்தின் நேரம், போன் நம்பர், புதுப் புத்தகப் பட்டியல், இன்று திறந்திருக்கிறதா இல்லையா என்பதை அன்றாடம் போட முடியாதா?

யூடியூபைக்கூட நான் ஏற்றுக்கொள்வேன். கணக்கு இல்லாமலே பார்க்கலாம், தேடினால் கிடைக்கும், கருத்துப் பெட்டியை மூடிவைக்கலாம். வாசகர் வட்டப் பேச்சுகளை அதில் ஏற்றுங்கள், ஆனால் மூலப் பதிவின் பிரதி ஒன்றை மாவட்ட மைய நூலகத்தின் கணினியில் வையுங்கள். அறிவிப்புக்கு வாட்ஸாப் சேனல் வையுங்கள். முகநூலும் இருந்துவிட்டுப் போகட்டும். எதில் போட்டாலும் அதே செய்தி முதலில் நூலகத்தின் பலகையிலும் சொந்த இணையப் பக்கத்திலும் இருக்கவேண்டும். ஒரு தளத்தை எடுப்பதற்கு முன்னால் நாலு நூலகர்கள், நாலு வாசகர்கள், அதில் ஒரு பார்வையற்றவர், ஒரு கல்லூரி மாணவி, ஒரு பெரியவர் என்று உட்காரவைத்து அரை நாள் பேசுங்கள். கணக்கு இல்லாதவர் பார்க்க முடிகிறதா, நம்பர் வெளியே தெரிகிறதா, போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா, நூலகர் மாறினால் சாவி யாரிடம், இதற்கு வேலை நேரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்குவது, டேட்டா காசை யார் கொடுப்பது. இவ்வளவுதான் கேள்வி. ஒரு கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் வட்டாரத்து வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி இருக்கும். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா நடக்கும்போது சால்வை போர்த்தும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கைதட்டிவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். எழுந்து நின்று, போனே இல்லாத வாசகருக்கு இந்த நூலகம் எப்படித் தகவல் சொல்கிறது என்று கேளுங்கள். வாய்ப்பதில் போதாது, எழுத்திலும் கேளுங்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு, வாசகர் வட்டத் தலைவர் கையெழுத்தோடு. நூலகர் மேல் புகார் என்று அதை எழுதவேண்டாம். இரண்டு நூலகத்துக்கு ஒரு ஆளைப் போட்டிருப்பதையும் அதே மனுவில் சேர்த்து எழுதுங்கள்.